கண்ணாடித் தொட்டியில் படிந்த பழுப்பு

உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து நம் வாசகர் ஒருவர் எழுதிய மடல், ஆவணித் திங்களின் இறுதியில் நமக்குக் கிடைத்தது. ஏரிப் பாசனத்தில் நான்கு ஏக்கர் நன்செய் வைத்துப் பயிரிடும் குடும்பத் தலைவர் அவர். மடலின் சாரம் இது: "பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன், இரண்டாண்டுகளாகச் சேர்த்த பணத்தையெல்லாம் போட்டு, வீட்டுக் கூடத்தில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று வைத்திருக்கிறான். வைத்த மூன்றாம் வாரமே கண்ணாடியிலும் மணலிலும் காப்பிப்பொடியைத் தூவியதுபோலப் பழுப்பு நிறப் பாசி படிந்துவிட்டது. துடைத்தால் மறுநாள் மாலைக்குள் மீண்டும் படிகிறது. நீரைக் கொட்டிவிட்டு அவ்விடத்தில் விதைநெல் மூட்டையை வைக்கலாமே என்றேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. இந்தப் பாசி நச்சா? தொட்டியைக் கலைத்துவிடலாமா? தங்கள் பகுதியில் விடையளிக்க வேண்டுகிறேன்."

இப்பகுதியில் நாம் கறிவேப்பிலைக்கும் கறவை மாட்டுக்கும் யோசனை கூறியதுண்டு, கடல்மீனுக்குக் கூறியதில்லை. ஆயினும் இம்மடலை ஒதுக்கிவைக்க மனம் வரவில்லை. காரணம் உண்டு. நாமும் ஒரு காலத்தில் இத்தகைய தொட்டியொன்றை வைத்து, இதே பழுப்பைக் கண்டு அஞ்சி, தொட்டியையும் கற்களையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரே இரவில் ஆறு மீன்களை இழந்தவர்கள். எனவே விடையை எழுத்தில் மட்டும் அனுப்பாமல், அடுத்த ஞாயிறன்று காலைத் திருப்பலி முடிந்ததும் பேருந்தேறி நேரிலேயே சென்றோம்.

உத்திரமேரூர் கடலோர ஊரன்று. 2019 ஆம் ஆண்டில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபின், காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை என்பதே இல்லாமற் போயிற்று. ஆனால் நீரைப் பேணுவதில் அவ்வூருக்கு ஈடாக மற்றோர் ஊரைச் சொல்வது கடினம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்தில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். குடவோலை முறையை நினைவில் வைத்திருக்கிறோம். அவ்வோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் அறுவர் ஏரி வாரியத்தினர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். ஏரியைக் கண்காணிப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஆள் தேர்ந்த ஊரில், ஒரு பையன் தன் 130 லிட்டர்த் தொட்டிக்குத் தானே வாரியமாக இருந்து திண்டாடிக் கொண்டிருந்தான்.

கூடத்தின் கிழக்குச் சன்னலருகே தொட்டி இருந்தது. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். உள்ளே கோமாளி மீன்கள் இரண்டு, செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டையுடன், தங்களைப் பற்றிய வழக்கு ஒன்று நடப்பதை அறியாமல் நீந்திக்கொண்டிருந்தன. மணல், கல், கண்ணாடி, குழாய் எல்லாவற்றின் மேலும் பொன் கலந்த பழுப்பு நிறப் பொடி. விரலால் தொட்டோம், எந்தப் பற்றுமின்றி உதிர்ந்து நீரில் புகைபோலப் பரவியது. அப்போதே நமக்குப் பாதிக் கவலை நீங்கிற்று.

ஏனெனில் புதுத் தொட்டியில் பழுப்பாகத் தோன்றுவன மூன்று வகைப்படும். தொட்டால் பொடியாக உதிர்வது ஒன்று. சிவப்பும் கருஞ்சிவப்புமாய், பழைய சுவரின் சுண்ணாம்புபோல ஏடு ஏடாக உரிந்து வருவது மற்றொன்று. அது நீலப்பச்சைப் பாசியின் இனம். கோழைபோல நூல்நூலாய்த் தொங்கி, நுனியில் காற்றுக் குமிழ் ஏந்தியிருப்பது மூன்றாவது. அதுவே தொல்லை மிகுந்தது, நத்தைகளையும் கொல்லவல்லது. இவ்வீட்டில் இருந்தது முதல் வகை. அதன் பெயர் டயாட்டம். உயிருக்குத் தீங்கு செய்யும் நஞ்சன்று.

கடைகளில் இதனைப் பழுப்புப்பாசி என்றே சொல்கின்றனர். உண்மையான பழுப்புப்பாசி வேறு. மண்டபம் கடற்கரையில் மீனவ மக்கள் கட்டக்கோரை என்றும் பக்கடாப் பாசி என்றும் பெயரிட்டு அள்ளி உலர்த்தி விற்கின்றார்களே, கைப்பிடி பிடியாக வளரும் அந்தச் செடி போன்றவைதாம் பழுப்புப்பாசிகள். டயாட்டமோ ஒற்றை உயிரணு. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பது பங்கு செய்தால் ஒரு பங்கின் அளவே பலவற்றிற்கு உண்டு. குங்குமச் செப்பும் அதன் மூடியும் போல ஒன்றன்மேல் ஒன்று கவிந்த இரண்டு கண்ணாடி ஓடுகளுக்குள் அது வாழ்கிறது. கண்ணாடி என்று அணிக்காகச் சொல்லவில்லை. அவ்வோடு உண்மையிலேயே சிலிக்காவால் ஆனது. நம் நெற்பயிர் தன் உமியில் சேர்த்து வைக்கும் அதே பொருள். உமிச்சாம்பலால் பாத்திரம் தேய்த்தால் பளிச்சென்று ஆவதற்கும் அச்சிலிக்காவே காரணம்.

இச்சிற்றுயிரைப் பற்றிய ஆராய்ச்சியில் நம் சென்னைக்குப் பெருமையுண்டு. பாசியியலின் முன்னோடியாகிய பேராசிரியர் எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் சென்னையில்தான் பணியாற்றினார். சென்னைக் கடலோர டயாட்டங்களை வகைப்படுத்தி ஆர். சுப்பிரமணியன் எழுதிய விரிவான ஆய்வு 1946 இல் வெளிவந்தது. பின்னர் டி.வி. தேசிகாச்சாரி, 1986 முதல் 1989 வரை, டயாட்டங்களின் படத்தொகுதியைப் பல பகுதிகளாகச் சென்னையிலிருந்தே வெளியிட்டார். உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்களின் செயல் என்பர். நாம் குழம்பு வைக்கும் மத்தி மீன் கொழுப்பதும் பெரும்பாலும் இதனைத் தின்றே. இவற்றையெல்லாம் நாம் எடுத்துரைத்தபோது தந்தையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படிப்பட்ட பொருள் கடலில் இருக்கட்டும் ஐயா, என் கூடத்துக்கு எதற்கு?" என்றார். நியாயமான வினா.

அது எங்கிருந்து வந்தது என்பதைவிட எதைத் தின்று பெருகிற்று என்பதே ஆராயத் தக்கது. டயாட்டத்தின் விதை எங்கும் உண்டு. மீன் வந்த பையின் நீரிலும் இருந்திருக்கும். ஓடு கட்டச் சிலிக்கா கிடைத்தால்தான் அது பெருகும். தக்க சூழலில் நாளுக்கு ஒருமுறையேனும் இரண்டாகப் பிளக்கும். இன்று துடைத்தது நாளை மாலையில் திரும்பி வருவதன் கணக்கு அதுவே.

பையன் ஆற்றுமணலைக் குற்றம் சாட்டினான். பாலாற்று மணலைக் கழுவிப் போட்டிருந்தான். மணல் என்பது சிலிக்காதானே என்பது அவன் வாதம். பலரும் அவ்வாறே நம்புகின்றனர். நாம் அதனை முழுதும் ஏற்கவில்லை. மணலின் படிகக்கல் நீரில் கரைவது மிக மிக அரிது. கரைந்த சிலிக்கா வருவது வேறு வழியில். "தொட்டிக்கு எந்த நீரை ஊற்றினாய், தம்பி?" என்று வினவினோம். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றான். சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கக் கண்டு, அதனை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்டோம். அவன் தந்தையைப் பார்த்தான். தந்தை சன்னலைப் பார்த்தார். ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவுநீர் போகிறதே என்று அவர்தாம் தடுத்திருக்கிறார். உழவருக்கு நீர் வீணாவதைக் காணப் பொறுக்காது. அதில் தவறு காண நமக்கு மனமில்லை.

பரங்கிமலைக்குத் திருப்பயணம் சென்ற வாசகர்கள் அங்குள்ள கரும்பாறையைப் பார்த்திருப்பர். 1893 இல் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார் அப்பாறை வகைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு அக்கல்லே பயன்பட்டதால் அப்பெயர். செங்கற்பட்டு, உத்திரமேரூர் வட்டாரங்களின் நிலத்தடியிலும் இத்தகைய பழம்பாறைகளே கிடக்கின்றன. மழைநீர் அவற்றின் வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் தங்கும்போது, பாறையிலுள்ள கனிமங்கள் சிதைந்து சிலிக்காவை நீருக்கு விடுகின்றன. பாறைப் பகுதிக் கிணற்று நீரில் லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் சிலிக்கா இருப்பது அரிதன்று. வெளிக்கடலின் மேல்மட்ட நீரிலோ ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. குடிப்பவர்க்கு அதனால் கேடில்லை. டயாட்டத்துக்கு அது விருந்து.

இன்னொன்றையும் கணக்கிட்டுக் காட்டினோம். கடல்நீர்த் தொட்டியில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடுகிறது. ஆகவே குறைந்த அளவுக்கு நாள்தோறும் உப்பில்லாத நீரையே ஊற்றி நிரப்ப வேண்டும். அந்த வெப்பத்தில் இவன் நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றி வந்தான், அதுவும் கிணற்று நீரே. லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று கொண்டால், நாளுக்கு 45. மாதத்துக்கு ஏறக்குறைய 1,350 மில்லிகிராம். ஆவியில் சிலிக்காவும் போகாது. பையன் ஒருபுறம் பாசியைத் துடைத்துக்கொண்டும், மறுபுறம் அதற்கு வேளை தவறாமல் உணவளித்துக்கொண்டும் இருந்திருக்கிறான். இதைக் கேட்டதும் அவன் முகம் வாடிற்று. கைப்பேசி வழியே வாங்கிய நீர்மானியைக் கொண்டுவந்து காட்டினான். அம்மானி நீரிலுள்ள மின்னூட்டம் பெற்ற உப்புகளை மட்டுமே அளக்கும். சிலிக்கா பெரும்பாலும் மின்னூட்டமின்றிக் கரைந்திருப்பதால் அதன் கண்ணுக்குப் படாது என்று சொல்லித் தேற்றினோம்.

துடைத்த முறையிலும் ஒரு குறை இருந்தது. கண்ணாடியிலிருந்து உதிர்த்த பொடியை நீரிலேயே விட்டுவிட்டான். செத்த டயாட்டத்தின் ஓடு கரைந்து மீண்டும் சிலிக்காவாகும். சுரண்டிய கையோடு ஒரு மெல்லிய குழாயால் அப்பொடியை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். வெளியேறும் உப்புநீர் பத்துப் பன்னிரண்டு லிட்டருக்கு மேற்படலாகாது. அதற்கு ஈடாக, நல்ல நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்புக் கலவை கரைத்து ஊற்றுக. கல்லுப்பு உதவாது. உப்பளத்தில் உப்பு விளையும்போதே மக்னீசியம் முதலியவை வடிநீரோடு போய்விடுகின்றன.

இனி, தொட்டியைக் கலைக்கலாமா என்ற வினாவுக்கு வருவோம். கூடாது என்பதே நம் விடை. நாம் மீன்களை இழந்து கற்ற விடை. புதுத் தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கழனியில் எருவைப் பயிருக்கு ஏற்றதாக்கும் வேலையும் இதுவே என்றதும், தந்தையார் முதன்முறையாகத் தொட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டதே பையனின் அவசரம். இந்நிலையில் எல்லாவற்றையும் கழுவினால் பாசியோடு அவையும் அழியும். மறுநாள் அம்மோனியா ஏறும். நம் ஆறு மீன்கள் மாண்டது அவ்வாறே. பாசி மீனைக் கொல்லவில்லை, நாம்தான் கொன்றோம்.

அலமாரியில் நீலநிறப் புட்டி ஒன்று இருந்தது. நகரத்துக் கடையொன்றில் பாசியைக் கொல்லும் மருந்தென்று கொடுத்திருக்கின்றனர், இன்னும் திறக்கவில்லை. இத்தகைய மருந்துகள் சிலவற்றில் செம்பு கலந்திருக்கும். கடல் நத்தை, இறால் போன்றவற்றுக்குச் செம்பு கூற்றுவன். கல்லிலும் மணலிலும் படிந்து பல நாள் விடாது. அதனைத் திறக்க வேண்டா என்றோம்.

விளக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தது. ஏழாகக் குறைக்கச் சொன்னோம். காலை வெயில் விழாதபடி சன்னலுக்குத் திரை போடச் சொன்னோம். தீனி நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. இவ்விடத்தில் வீட்டிலிருந்த ஆயா சற்றுத் தயங்கி, தாமும் அவ்வப்போது இட்லித் துணுக்கு போட்டதுண்டு என்று ஒப்புக்கொண்டார்.

நீருக்கு என்ன வழி? ஆர்.ஓ. இயந்திரம் சிலிக்காவின் பெரும்பகுதியை நீக்கிவிடும். நாள்தோறும் ஊற்ற ஒன்றரை லிட்டர். வாரமொருமுறை மாற்றப் பத்து லிட்டர். கழிவுநீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் விளக்கலாம் என்று இல்லத்தரசி கூறவே, தந்தையாரின் மறுப்புத் தளர்ந்தது. அப்போது ஆயா, "வானத்துத் தண்ணி ஆகாதா?" என்று கேட்டார். அவர் இளமையில் முற்றத்தில் நான்கு கழி நட்டு, வெள்ளை வேட்டியின் நான்கு முனைகளையும் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லை இட்டு, அதன்கீழ் குடம் வைத்து மழைநீர் பிடிப்பார்களாம். மேகத்திலிருந்து வரும் நீர் பாறையைத் தொடாதது. அதில் சிலிக்கா மிகச் சொற்பம். இவ்வளவு படித்தும் நமக்குத் தோன்றாத வழி. ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது: முதல் பத்து நிமிட மழையைப் போகவிட்டுப் பின்னரே பிடிக்க வேண்டும், அவருடைய செப்புக்குடமும் பித்தளைத் தவலையும் கூடா, பிளாஸ்டிக் வாளியே தகும். குடத்தை விலக்கியதில் ஆயாவுக்கு வருத்தமே.

பையன் மேலும் ஒன்று கேட்டான். இராமேசுவரம் பக்கத்துப் பவளக்கல் போட்டால் தொட்டி விரைவில் தேறும் என்று நண்பன் சொன்னானாம். அதனை அறவே மறுத்தோம். 2001 முதல் பாறைப் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் 1986 இல் கடல் தேசியப் பூங்கா அமைந்ததே அவற்றைக் காப்பதற்குத்தான். செயற்கைக் கல்லிலும் நுண்ணுயிர் குடியேறும், கொஞ்சம் நாள் கூடுதலாகப் பிடிக்கும். கோமாளி மீனைக்கூட இன்று கடலில் பிடிக்க வேண்டியதில்லை. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்திலும் அதனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைக் கண்டிருக்கின்றனர்.

கடல்மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பது நம் நாட்டில் புதுப் பித்தன்று. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டனின் முயற்சியால் 1909 இல் மெரினாவில் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்படும்வரை மக்கள் அங்குத் திரண்டனர். ஆனால் அவர்களுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு, கிணற்று நீரில் கடலைக் கரைக்கப் பார்த்த இவன் துணிவு பெரிது என்று சொன்னோம். தந்தையார் சிரித்தார், பையன் சிரிக்கவில்லை, எனினும் தந்தைக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தான்.

மூன்று கடல் நத்தைகளுக்கு மேல் விட வேண்டா என்றும் சொல்லிவிட்டு வந்தோம். டயாட்டம் அவற்றுக்கு நல்ல தீனி. ஆயின் பாசி தீர்ந்தபின் கூட்டமாயிருந்தால் பட்டினிதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை இரண்டாம் வாரம் பையனே எழுதினான். மணல் வெளுத்துவிட்டது, மீன்கள் இரண்டும் நலம், வேட்டியில் பிடித்த நீர் நான்கு வாளி சேர்ந்துள்ளது. இப்போது கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் தோன்றியுள்ளனவாம். "அவற்றை அப்பாவே ஞாயிறுதோறும் பழைய அட்டையால் சுரண்டுகிறார்; என்னிடம் தருவதில்லை," என்று குறைபட்டுக்கொண்டிருந்தான். நத்தையொன்றின் ஓட்டில் இளஞ்சிவப்பாய் ஏதோ கெட்டியாகப் படர்கிறதே, அது நோயா என்றும் கேட்டிருந்தான். அன்றே அஞ்சலட்டையில் விடை எழுதினோம்: அது சுண்ணாம்புப் பாசி, தொட்டி முதிர்வதன் அடையாளம். அதனை யாரும் சுரண்ட வேண்டா, அப்பாவிடமும் சொல்.